ஆர்.வி. கூரைக்கு எந்த ஏணி?

ஆர்.வி. என்னும் வீட்டு வண்டிக்குப் பின்னாலேயே ஏணி இருக்கும்போது இன்னொன்று எதற்கு என்று கேட்கிறார்கள். இங்கே அமெரிக்காவில் பல ஆர்.வி.க்களின் கூரை 11, 12 அடி உயரம். சோலார் பலகையைத் துடைக்கவோ, ஏ.சி.யைச் சுற்றிய சீலன்ட் வெடித்திருக்கிறதா என்று பார்க்கவோ வேண்டிய பக்கத்தில் ஏற வேண்டாமா? நீட்டிச் சுருக்கும் அலுமினிய ஏணிதான் தோது. சுருக்கினால் சுமார் 3 அடி. சாமான் அறைக்குள் போய்விடும்.

நிறத்தையும் விலையையும் விடுங்கள், எடைத் தகுதியைப் பாருங்கள். டைப் 1ஏ என்றால் 300 பவுண்டு. கருவிப்பையும் (தின்ற பிரியாணியும்!) அந்தக் கணக்கில்தான் வரும். ஏணி கூரை விளிம்புக்கு மேல் 3 அடி நீட்டிக்கொண்டிருக்கணும். இல்லாவிட்டால் இறங்கும்போது பிடிமானமே கிடையாது. 4 அடி உயரத்துக்கு 1 அடி வீதம் ஏணியின் அடிப்பாகத்தை வண்டியிலிருந்து தள்ளி ஊன்றணும்.

நீட்டும்போது ஒவ்வொரு படியும் 'டக்' என்று பூட்டுகிறதா என்று காது கொடுத்துக் கேளுங்கள். கடற்கரை முகாமில் ஏணிக் குழாய்க்குள் மணல் புகுந்தால் பூட்டு சரியாக விழாது. துணியால் துடைத்துவிட்டு ஏறுங்கள், அவசரமே வேண்டாம்.