முழங்காலும் மூழ்குங்காலும்

ஆபீஸ் கிரிக்கெட் மேட்சில் நான் எடுத்தது இரண்டு ரன். மூன்றாவது ரன்னுக்கு ஓடும்போது வலது முழங்கால் 'நான் வரலை' என்று பாதியிலேயே நின்றுவிட்டது. "லேசான சுளுக்குதான். ஆறு வாரம் ஜாக்கிரதையா இருங்க" என்றார் டாக்டர். மூன்றாவது வாரமே அந்தமானுக்கு டிக்கெட் போட்டிருந்தேன்.

ஹேவ்லாக் தீவில் (2018-லிருந்து சுவராஜ் தீவு) ஸ்கூபா டைவிங்குக்கு முன் ஒரு ஃபாரம் நீட்டினார்கள். 'சமீபத்தில் மூட்டில் அடி உண்டா?' சட்டென்று 'இல்லை'யில் டிக் அடித்தேன். லோன் ஃபாரத்தில்கூட அவ்வளவு தைரியமாகப் பொய் சொன்னதில்லை!

தண்டனை கரையிலேயே ஆரம்பித்தது. முதுகில் சிலிண்டர், இடுப்பில் ஈயக்கட்டி. அத்தனையையும் சுமந்து மணலில் நடப்பதற்குள் முழங்கால் முனகியது. ஆனால் தண்ணீருக்குள் போனதும் எடையெல்லாம் மாயம்! பத்து மீட்டர் ஆழத்தில் கலர் கலராய் மீன்கள். வலியா, எங்கே? கடலே வைத்தியம் பார்க்கிறது என்று நினைத்துக்கொண்டு, சைக்கிள் மிதிப்பதுபோல முட்டியை மடக்கி மடக்கி உதைத்தேன். 'தொடையிலிருந்து உதையுங்கள்' என்று பயிற்சியாளர் சைகை காட்டியதை ஏதோ வணக்கம் என்று எடுத்துக்கொண்டேன்.

ராத்திரி முட்டி 'விண் விண்' என்றது. மனைவி மொபைலைத் தடவி வாசிக்க ஆரம்பித்தாள்.

பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரண்டு மடங்கு. சுவாசிக்கும் நைட்ரஜன் உடம்பில் கூடுதலாகக் கரைகிறது. அவசரமாக மேலே வந்தால், கோலி சோடாவை உடைத்த மாதிரி குமிழி கிளம்பும். வலி பெரும்பாலும் மூட்டுகளில்தான். 'பெண்ட்ஸ்' என்று பெயர். 1870-களில் நியூயார்க் புரூக்ளின் பாலத்துக்காக ஆற்றடியில் அழுத்தக் காற்று அறைகளில் வேலை பார்த்தவர்களை வாட்டிய வியாதி. தலைமை இன்ஜினீயர் வாஷிங்டன் ரோப்ளிங்கையே அது முடக்கிப் போட்டது.

எனக்கு வியர்த்தது. மறுநாள் மதியம் பிளேன். இது பெண்ட்ஸ் என்றால், மேலே அழுத்தம் குறையும்போது இன்னும் மோசமாகும்.

பயிற்சியாளருக்கு போன் போட்டேன். "முன்னாடியே அடிபட்டிருக்கா சார்?"

"ஹி... ஹி... லேசா..."

"அதை முதல்லயே சொல்லியிருந்தா இறங்கவே விட்டிருக்க மாட்டேனே! இப்போ எது பழைய வலி, எது புது வலின்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

அந்த ராத்திரியில் அவரே டாக்டரிடம் கூட்டிப் போனார். டாக்டர் முட்டியை மடக்கினார், அமுக்கினார். இரண்டுக்கும் கத்தினேன். வேறு மூட்டில் வலி இல்லை, மரத்துப் போகவில்லை, தலைசுற்றல் இல்லை. "பழைய சுளுக்கு மாதிரிதான் இருக்கு. ஆழமும் கம்மி. ஆனா நாளைக்கு பிளேன் வேண்டாம், இன்னொரு தடவை பார்த்துடலாம்" என்றார்.

டிக்கெட்டை மாற்றியதில் போனஸில் பாதி காலி. இரண்டு நாளில் வலி அடங்கியது. சுளுக்கேதான்!

ஊர் திரும்பும்போது மனைவி மிச்சத்தையும் வாசித்தாள். 1908-ல் ஹால்டேன் என்ற விஞ்ஞானி ஆடுகளை வைத்துச் சோதித்து, எவ்வளவு நிதானமாக மேலே வரவேண்டும் என்று அட்டவணை போட்டாராம். பெண்ட்ஸ் வந்த ஆடு, வலிக்கிற காலைத் தூக்கிக் காட்டுமாம்.

"பாருங்க, ஆட்டுக்கே வலிக்கிற காலைக் காட்டத் தெரிஞ்சிருக்கு!" என்றாள்.