உள்ளே ஒரு காலி உறை

திருத்தணிக்குப் பெரிய மனிதர்கள் வராமலில்லை. சினிமாக்காரர்கள் வருகிறார்கள், மந்திரிகள் வருகிறார்கள், எப்போதாவது ஒரு கிரிக்கெட் ஆட்டக்காரரும் வருவார். எல்லோரும் முருகனைப் பார்க்க வருகிறவர்கள். அர்ச்சனைத் தட்டும் கையுமாக நிற்கிற ஒருவரிடம் போய்ப் பேனாவை நீட்ட எங்கள் காலத்தில் கூச்சமாக இருந்தது. இப்போது செல்போனை நீட்டுகிறார்கள். அவர் விபூதி பூசி முடிக்கும் முன்பே தோளோடு தோள் ஒட்டிக்கொண்டு ஒரு படம். எனக்கு இது பிடிப்பதில்லை. பிரபலமானவரிடம் கையெழுத்து வேண்டுமென்றால் தபாலில் கேட்க வேண்டும் என்கிற கட்சி நான்.

எண்பதுகளில் எங்களுக்கு வேறு வழியும் இருக்கவில்லை. சேப்பாக்கத்துக்குப் போக ரயில் சார்ஜ், டிக்கெட், சாப்பாடு என்று வீட்டில் காசு கேட்டால் என்ன பதில் வரும் என்று தெரியும். 1986 செப்டம்பரில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் அங்கே ஆடி 'டை' ஆன டெஸ்ட் எங்களுக்கு ரேடியோவில்தான் நடந்தது. டீன் ஜோன்ஸ் 210 ரன் அடித்து, வெயிலில் சுருண்டு, ஆஸ்பத்திரிக்குப் போனார். கடைசி ஓவரின் ஐந்தாவது பந்தில் மணிந்தர் சிங் எல்.பி.டபிள்யூ. அதற்குப் பிறகு தெருவில் பாதிப் பையன்கள் கடிதம் எழுத உட்கார்ந்துவிட்டார்கள்.

ஆட்டக்காரர்களின் வீட்டு விலாசம் யாருக்குத் தெரியும்? பெயரைப் போட்டு, கிரிக்கெட் சங்கம், சேப்பாக்கம், சென்னை 600005 என்று எழுதிவிடுவோம். 'ஸ்போர்ட்ஸ்டார்' நடுப்பக்கப் படத்தை மடித்தால் முகத்தின் குறுக்கே கோடு விழும் என்பதால், உள்பக்கத்துச் சின்னப் படங்களை வெட்டி அட்டையில் ஒட்டி அனுப்புவது வழக்கம். கடிதத்தில் தவறாமல் ஒரு வரி இருக்கும்: டாக்டர் ராதாகிருஷ்ணன் பிறந்த ஊரிலிருந்து எழுதுகிறேன். ஜனாதிபதியின் ஊர்க்காரனுக்குப் பதில் போடாமல் இருப்பார்களா என்ற கணக்கு.

இதிலெல்லாம் முக்கியம், உள்ளே வைக்கிற காலி உறை. ஸ்டாம்ப் ஒட்டி, நம் விலாசத்தை நாமே எழுதி, இரண்டாக மடித்து வைக்க வேண்டும். இதைச் சொல்லிக் கொடுத்தவை தமிழ்ப் பத்திரிகைகள்தான். தபால்தலை ஒட்டிய சுயவிலாசமிட்ட உறை இணைக்காத கதைகள் திருப்பி அனுப்பப்படமாட்டா என்று இதழ்தோறும் எச்சரித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊருக்கு அந்த விலாசத்திலும் ஒரு சரித்திரம் உண்டு. 1960 ஏப்ரல் முதல் தேதி வரை திருத்தணி ஆந்திராவின் சித்தூர் ஜில்லா. ம.பொ.சி.யின் எல்லைப் போராட்டத்துக்குப் பிறகு செங்கல்பட்டு மாவட்டம். 1997 முதல் திருவள்ளூர். ஊர் இருந்த இடத்திலேயே இருக்க, உறையின் கடைசி வரி மட்டும் மாறிக்கொண்டே வந்தது.

அமெரிக்காவில் பேஸ்பால் ரசிகர்கள் தபாலில் கையெழுத்துக் கேட்பதைப் பெரிய கலையாகவே வளர்த்திருக்கிறார்கள். ஆட்டக்காரரின் படம் போட்ட அட்டையையும் திரும்பி வர உறையையும் வைத்து, பிப்ரவரி, மார்ச் மாதங்களில் புளோரிடாவிலும் அரிசோனாவிலும் நடக்கும் பயிற்சி முகாம்களுக்கு அனுப்புவார்கள். சீசன் தொடங்காத அந்த நாட்களில்தான் ஆட்டக்காரருக்குக் கொஞ்சம் ஓய்வு. கேட்பதற்கும் ஒரு வேளை பார்க்கிறார்களே, அது எனக்குப் பிடித்திருக்கிறது.

கொடுக்கிறவர்களிலும் பல ரகம். காந்தி ஒரு கையெழுத்துக்கு ஐந்து ரூபாய் வாங்கி ஹரிஜன நிதியில் சேர்த்தார். பிராட்மேன் 1948இல் டெஸ்ட் ஆட்டத்தை விட்டவர், 2001இல் இறந்தார். அந்த ஐம்பது சொச்சம் வருஷமும் அடிலெய்டு வீட்டுக்குக் கடிதங்கள் வந்து குவிந்தன. டைப்ரைட்டரில் தானே பதில் அடித்து, வந்த படங்களில் கையெழுத்திட்டு அனுப்பிக்கொண்டிருந்தார். ஆஸ்திரேலிய ஒலிபரப்புக் கழகம் அவருடைய சராசரியான 99.94ஐ வைத்தே தன் தபால்பெட்டிக்கு 9994 என்று எண் போட்டுக்கொண்டது. தபால்காரரை அவ்வளவு அலையவைத்தவருக்குப் பொருத்தமான மரியாதை.

எங்களுக்கு வந்த பதில்கள் சொற்பம். அவற்றிலும் சில அச்சுக் கையெழுத்து. படத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் தெரிந்துவிடும்: பால்பாயிண்ட் பேனா தாளில் பள்ளம் போடும், அச்சு போடாது. பலருக்குப் பதிலே இல்லை. அதில் எனக்கு வருத்தம் இருந்ததில்லை. தபாலில் கேட்கும்போது அவர் மறுக்கலாம். முகத்தைக் கடுகடுப்பாக்காமல், கூட்டத்துக்கு நடுவே கெட்ட பெயர் வாங்காமல், கடிதத்தை அப்படியே மேஜையில் விட்டுவிடலாம். ஸ்டாம்ப் செலவு நம்முடையது, நேரம் அவருடையது. செல்போனோடு வழியை மறிப்பவர் இந்த இடத்தைக் கொடுப்பதில்லை.

தங்கை பேரன், கிரிக்கெட் ஆட்டக்காரர் அஷ்வினுக்கு இன்ஸ்டாகிராமில் செய்தி போட்டுவிட்டு, பதிலே இல்லை என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். கடிதம் எழுது என்று இரண்டு உறைகள் வாங்கிக் கொடுத்தேன். போஸ்டாபீஸ் கோந்தை விரலெல்லாம் அப்பிக்கொண்டு வெளி உறைக்கு ஸ்டாம்ப் ஒட்டினான். உள் உறைக்கும் ஒன்றை நீட்டியதும் நிமிர்ந்து பார்த்தான்.

"இதுக்குமா தாத்தா? அவரு பணக்காரர்தானே, ஒட்டிக்க மாட்டாரா?"