நாவும் பாதமும்

வாய்ப்புண் வந்தால் உடம்புச் சூடு என்று மணத்தக்காளிக் கீரையைத் தேடுவது நம் ஊர் வழக்கு. பாதம் எரிந்தால் சர்க்கரை என்போம். இரண்டும் ஒருவருக்கே வரும்போது சேர்த்துப் பார்ப்போர் அரியர்.

எங்கள் அண்ணனுக்கு நேர்ந்தது அதுவே. திருவள்ளூர் மாவட்டம் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், இரும்புக் கம்பி உருட்டும் ஆலை ஒன்றில் அவருக்கு வேலை. சர்க்கரை நோய் கண்டபின், மருத்துவர் சொற்படி இரவுச் சோறு போய்ச் சப்பாத்தி வந்தது. காலையில் கோதுமை ரவை உப்புமா. அடுத்த ஆண்டே நாக்கு வழவழவென்று சிவந்தது. கன்னத்தின் உட்புறம் புண்கள் மாறி மாறி வந்தன. பின்னர்ப் பாதங்கள் மரத்தன. பஞ்சின்மேல் நடப்பதுபோல் இருக்கிறது என்றார். பழுக்கக் காய்ந்த கம்பிகள் ஓடும் தளத்தில் கால் உணராதவர்க்கு என்ன காவல்? நாங்கள் அஞ்சினோம். சர்க்கரைதான் காரணம் என்றனர் பலரும். சர்க்கரையோ கட்டுக்குள் இருந்தது.

சோகை தீராததைக் கண்ட மருத்துவர் ஒருவரே குருதிச் சோதனையும் சிறுகுடல் திசுச் சோதனையும் செய்வித்தார். சீலியாக் நோய். கோதுமையிலும் பார்லியிலும் உள்ள குளூட்டன் என்னும் புரதம் உட்செல்ல, உடலின் காவற்படையே சிறுகுடலின் உட்சுவரைச் சிதைக்கிறது. இரும்பும் ஃபோலிக் அமிலமும் உடலில் சேர்வதில்லை, வாய் புண்ணாகிறது, நரம்பும் தாக்குண்ணலாம். வயிற்றுப்போக்கு இல்லாமலே இத்தனையும் நடக்கக்கூடும்.

2016இல் வெளியான இந்திய ஆய்வொன்று, வடக்கே நூற்றுக்கு 1.23 பேருக்கும் தெற்கே 0.10 பேருக்கும் இந்நோய்க்குரிய எதிர்ப்பொருள்கள் குருதியில் உண்டு என்றது. இதற்கு இடந்தரும் மரபுக்கூறு இரு பக்கமும் ஏறத்தாழ ஒன்றே. உண்ணும் கோதுமைதான் வேறு: நாளொன்றுக்கு அங்கே 455 கிராம், இங்கே 25. அரிசி நம்மைக் காத்து வந்தது போலும்!

ஐயமுள்ளோர் சோதனைக்கு முன்னரே கோதுமையை விட்டுவிடலாகாது. விட்டால் சோதனை பொய்த்துப்போகும்.

கோதுமையை நீக்கிய சில மாதங்களில் புண்கள் ஆறின. பாதம் பாதியே தேறிற்று. ஆலையில் பண்டகசாலைக்கு மாற்றிக்கொண்டார். கூட்டுப் பெருங்காயத்தில் மைதா இருப்பதறிந்து அண்ணி சாம்பாரையும் மாற்றினார்.

எஞ்சியது நற்கருணை. குளூட்டன் அறவே இல்லாத அப்பம் திருப்பலிக்குச் செல்லாது, குறைவாக உள்ளது செல்லும் என்று 2017இல் உரோமை மீண்டும் நினைவூட்டியது. அதுவும் ஒவ்வாதோர் இரசத்தின் வடிவில் மட்டும் நன்மை வாங்கலாம். அண்ணன் கேட்கக் கூசினார். அண்ணியே பங்குத்தந்தையிடம் சொன்னார். குரு தம் கிண்ணத்தில் அப்பத்தின் சிறு துண்டை இடுவது முறையாதலால், இப்போது பீடத்தில் அண்ணனுக்கெனத் தனிக் கிண்ணம் ஒன்று வைக்கப்படுகிறது.