கதிரும் பயிரும்

தமிழிலே 'கதிர்' என்னும் ஒரு சொல், ஞாயிற்றினின்று வரும் ஒளிக்கும், நெற்றாளின் நுனியில் முற்றி வளையும் மணிக்கொத்துக்கும் ஒருங்கே பெயராய் நிற்கின்றது. இவ்விரு பொருளும் ஒரு சொல்லில் வந்து கூடியவாற்றை ஆராய்தல் சொல்லாராய்ச்சி வல்லார் கடன். தமிழ் பயிலும் எமக்கோ, அச்சொல்லைக் கேட்குந்தோறும், வானத்துக் கதிரே வயலிற் கதிராய் விளைகின்றது என்னும் எண்ணமே முன்னிற்கும். உண்மையும் அஃதேயாம். இலையிலுள்ள பச்சையம் ஒளியை வாங்கி, அதன் ஆற்றலால் காற்றிலுள்ள கரியமில வாயுவையும் வேர் தரும் நீரையும் கொண்டு சர்க்கரையும் மாவும் சமைக்கின்றது. இதனை ஒளிச்சேர்க்கை என்பர். பசிய இலைகள் ஒளியில் நிற்கும்போதே உயிர்க்காற்றை வெளிவிடுகின்றன என்பதை இங்கன்ஹவுஸ் என்னும் டச்சு மருத்துவர் 1779-ஆம் ஆண்டில் நூலெழுதி வெளியிட்டார்.

இங்ஙனம் பயிர்க்கு உணவளிக்கும் கதிரினூடே, பயிர்க்கு ஊறு செய்ய வல்ல கதிரும் கலந்து வருகின்றது. அதனைப் பயிர் எவ்வாறு ஏற்கின்றது என்பதைப் பற்றிச் சில சொல்லவே இக்கட்டுரை எழுந்தது. தாவர நூல் பயிலும் விடுதி நண்பர் ஒருவர், "தமிழ் பயிலும் உமக்கு இவ்வாராய்ச்சி எற்றுக்கு?" என்று எம்மை வினவினார். அதற்கு எமக்கொரு விடை உண்டு. அதனை உரிய இடத்திற் கூறுவோம்.

1801-ஆம் ஆண்டில், ஜெர்மனி நாட்டு ஜேனா நகரில், ரிட்டர் என்னும் அறிஞர் ஞாயிற்றொளியை முப்பட்டைக் கண்ணாடியாற் பிரித்து, அதன் நிறங்களை வெள்ளிக் குளோரைடு என்னும் பொருளின்மேல் விழச் செய்தார். அப்பொருள் ஒளி படுமிடத்துக் கருக்கும் இயல்பினது. ஊதா நிறத்திற்கு அப்பால், கண்ணுக்கு ஒளியே தோன்றாத இடத்தில், அது மிக விரைந்து கருத்தது. காணப்படாத கதிர் ஒன்று ஆண்டு உண்டென்பது அதனால் தெளிவாயிற்று. அதுவே இன்று நாம் புற ஊதாக் கதிர் என்பது.

ஒளியலையை அளக்கும் கோல் நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பகுத்தால் அதில் ஒரு கூறு. பச்சையம் கொண்டு உணவு சமைக்கப் பெரிதும் உதவுவது 400 முதல் 700 நானோமீட்டர் வரையுள்ள ஒளி. அதனினும் குறுகிய அலைகளே புற ஊதாக் கதிர்கள். அவை மூவகைப்படும். 315 முதல் 400 வரையுள்ளவை 'ஏ' வகை. 280 முதல் 315 வரையுள்ளவை 'பி' வகை. அவற்றினும் குறுகியவை 'சி' வகை. அலை குறுகக் குறுக அதன் ஆற்றல் மிகும். ஆகவே, மூன்றனுள்ளும் கொடியது 'சி' வகையே. அது வான்வெளியிலேயே முற்றும் தடுக்கப்படுகின்றது. 'பி' வகையிற் சிறு பகுதியே தரையை அடையும். பயிர்க்குச் சிக்கலாவது அச்சிறு பகுதியே.

அது செய்யும் ஊறு யாது? உயிரணுவினுள் மரபுச் செய்தியைத் தாங்கி நிற்கும் டி.என்.ஏ. இழையில், அடுத்தடுத்து நிற்கும் இரண்டு கூறுகளைத் தகாதவாறு பிணைத்துவிடுகின்றது. பிணைந்த இடத்தில் செய்தியைப் படித்தல் இயலாது. ஒளிச்சேர்க்கையிலே நீரைப் பிளக்கும் பொறியாகிய இரண்டாம் ஒளித்தொகுதியையும், அதிலுள்ள மாங்கனீசுத் தொகுப்பையும் அது சிதைக்க வல்லது. கரியமில வாயுவைப் பற்றி நிறுத்தும் ருபிஸ்கோ என்னும் நொதியும் மிகுதியான கதிர்பட்டாற் குறையும். விலங்காயின் நிழல் தேடி ஓடும். மனிதனாயின் குடை பிடிப்பான். நிலைத்திணையாகிய மரஞ்செடிகளோ நின்ற இடத்திலேயே நின்று, உண்ணும் ஒளியையும் ஊறு செய்யும் ஒளியையும் ஒருங்கே ஏற்றாக வேண்டும்.

அற்றேல் அவை பிழைத்திருப்பது எங்ஙனம்? இங்கேதான் வியப்பு உளது. கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த அராபிடாப்சிஸ் என்னும் சிறு செடியிலே, யு.வி.ஆர். 8 என்னும் புரதம் 'பி' வகைக் கதிரை உணரும் உறுப்பாய் இருத்தலை ஆராய்ச்சியாளர் 2011-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். இப்புரதம் இரட்டையராய்க் கைகோத்து நிற்கும். கதிர் பட்டவுடன் இரண்டும் பிரியும். பிரிந்த புரதம் உயிரணுவின் கருவிலே செய்தி சேர்க்கும். உடனே இலையின் மேற்றோலில் பிளேவனாய்டு என்னும் பொருள்கள் மிகுதியாய் உண்டாகின்றன. இவை புற ஊதாக் கதிரைத் தடுத்து, உணவு சமைக்க வேண்டும் ஒளியை உள்ளே விடும் நுண்ணிய திரையாகும். இலை தடிக்கும், தண்டின் நெட்டை குறையும். டி.என்.ஏ. இழையில் நேர்ந்த தகாப் பிணைப்பை அறுத்துச் செப்பனிடும் நொதியும் செடியில் உண்டு; அது தன் தொழிலுக்கு வேண்டும் ஆற்றலை நீல ஒளியிலிருந்தே பெறுகின்றது. ஒளியால் வந்த புண்ணை ஒளியே ஆற்றுகின்றது! இந்நொதி மனிதரிடத்து இல்லை என்பதும் நினைக்கத்தக்கது.

நிற்க. நண்பர்க்கு யாம் கூறும் விடை இது. எமது பத்தாம் அகவையில் எம் தந்தையார் காலமாயினார். அதன்பின் எம் அன்னையார் கத்தரி, தக்காளி, மிளகாய் நாற்று விட்டு விற்றே எம்மை வளர்த்து வருகின்றார். பாத்தியின்மேல் தென்னங்கீற்றுப் பந்தலிட்டு விதை தூவுவார். நாற்றுப் பிடுங்குவதற்கு எட்டுப் பத்து நாள் முன்னரே கீற்றுக்களைச் சிறிது சிறிதாய் விலக்குவார். முதலிற் காலை இளவெயில் மட்டும். பின்னர் மாலை வெயிலும். இறுதியில் உச்சி வெயிலும் படும்படி விடுவார். நீரையும் அளவாய்க் குறைப்பார். இதற்கு அவர் இட்ட பெயர் 'வெயில் காட்டுதல்.' நிழலிலேயே வளர்ந்த நாற்றைத் திடீரென நடுவெயிலில் நட்டால் இலை வெளுத்து வெந்துபோகும். வாங்கிய உழவர் மறுமுறை எம் வாயிலை மிதியார். ஒளியும் வெம்மையும் காற்றும் ஆகிய யாவும் சேர்ந்தே நாற்றை வலிவுறுத்துகின்றன. அவற்றுள் ஒன்று புற ஊதாக் கதிர். பெயர் அறியாமலே அதன் அளவை அறிந்தவர் எம் அன்னையார்.

தந்தையார் மறைந்த பின், தாய்மாமன் எம் அன்னையாரிடம், "ஒற்றைப் பிள்ளை, கண்ணெதிரே இருக்கட்டும். படித்தது போதும், உள்ளூர்க் கடையிற் சேர்த்துவிடு," என்றார். அன்பினாற் கூறிய சொல்லே அது. அன்னையார், "அண்ணா, கீற்றின் கீழேயே வைத்திருந்தால் நாற்று நெடுநெடுவென வளரும், தோட்டத்தில் நிற்காது," என்று விடையிறுத்தார். எம்மை முதலில் அடுத்த ஊர்ப் பள்ளிக்கும், ஒரு கோடைக்கு அத்தை வீட்டிற்கும், அதன் பின்னரே இக்கல்லூரி விடுதிக்கும் அனுப்பினார். எமக்கும் அளவறிந்தே வெயில் காட்டினார் என்பதை, நண்பரின் நூலைப் படித்தபோது யாம் உணர்ந்தோம்.

இனி, ஆராய்ச்சியாளர் கண்ட முடிவும் இதற்கு இயைந்ததே. தொடக்கத்தில் ஆய்வுக்கூடங்களில் செடிகளுக்குப் புற ஊதா விளக்கொளியை மிகுதியாயும், கண்ணுக்குத் தெரியும் ஒளியைக் குறைவாயும் தந்து பார்த்தனர்; ஊறு பெரிதாய்த் தோன்றிற்று. திறந்த வெளியில், நிறைந்த ஞாயிற்றொளியில் ஆராய்ந்தபோது அத்துணைப் பெரிதாய்த் தோன்றவில்லை. அண்டார்க்டிகாவில் இயல்பாய் வளரும் பூக்குஞ் செடிகள் இரண்டே. அவற்றுள் ஒன்றாகிய ஒரு புல்லை ஆராய்ந்தோர், 'பி' வகைக் கதிர் படும்போது அதன் இலை குறுகுகின்றது. ஆயினும் தடித்த அவ்விலை, பரப்பளவுக்கு ஏற்பச் செய்யும் ஒளிச்சேர்க்கை குன்றுவதில்லை என்று கண்டனர். எனவே, தன் வளர்ச்சியிற் சிறிதைக் கொடுத்துச் செடி தன் தொழிலைக் காத்துக்கொள்கின்றது. அளவு கடவாதவரை அது தாங்கும் என்க.

அளவு கடந்தால்? உலகுக்கெல்லாம் பந்தலாய் அமைந்தது ஓசோன் படலம். அதனைத் திரட்டித் தரைமட்டத்துக் காற்றழுத்தத்தில் வைத்தால் மூன்று மில்லிமீட்டர் அளவே தடிப்பு உண்டாம். குளிர்ப்பெட்டிகளிற் பயன்பட்ட குளோரோபுளோரோகார்பன்கள் இப்படலத்தை அழிக்கும் என்று மொலினா, ரோலண்ட் என்னும் இருவர் 1974-ஆம் ஆண்டில் எச்சரித்தனர். அண்டார்க்டிகாவின்மேல் அது பெரிதும் மெலிந்திருத்தலை பார்மன், கார்டினர், ஷாங்க்லின் என்போர் 1985-இல் அறிவித்தனர். எம் அன்னையார் நாளுக்கு ஒன்றாய் விலக்கும் கீற்றை, மாந்தர் அளவின்றிப் பிய்த்தெறிந்தனர் எனலாம். ஆயினும் அறிந்தபின் வாளாவிருந்தாரல்லர். 1987 செப்டம்பர் 16-ஆம் நாள் மான்ட்ரியல் நகரில் உடன்படிக்கை ஒன்று செய்து, அப்பொருள்களைப் படிப்படியாய் ஒழிக்கத் துணிந்தனர். 2009-இல் ஐக்கிய நாடுகள் அவையின் உறுப்பு நாடுகள் யாவும் அதற்கு இசைந்தவையாயின.

அவ்வுடன்படிக்கை இல்லாதிருப்பின் பயிர்களின் நிலை என்னவாகும் என்று கணித்த ஆய்வொன்று 2021-இல் வெளிவந்தது. புற ஊதாக் கதிரால் நலிந்து, இந்நூற்றாண்டின் இறுதியில் மரஞ்செடிகளும் மண்ணும் 325 முதல் 690 பில்லியன் டன் வரை குறைவான கரிமத்தையே தாங்கியிருக்கும். அதனால் உலகின் வெப்பம் இன்னும் அரைப் பாகை முதல் ஒரு பாகை வரை கூடியிருக்கக்கூடும் என்பது அதன் முடிவு. பயிரைக் காத்தோம் என்று நாம் நினைக்கின்றோம். பயிர் நம்மைக் காத்தது என்பதே பொருந்தும்.

ஓசோன் படலம் உலகின் பெரும்பகுதியில் 2040-ஆம் ஆண்டளவிலும், அண்டார்க்டிகாவின்மேல் 2066-ஆம் ஆண்டளவிலும் 1980-இல் இருந்த நிலையை எய்தும் என்று அறிஞர் 2022-ஆம் ஆண்டின் மதிப்பீட்டிற் கூறியுள்ளனர். அப்பொழுது யாம் ஏறத்தாழ அறுபது வயதினராய் இருப்போம். கிழிந்த பந்தல் ஒருவர் வாழ்நாளளவு காலத்திலே மீண்டும் வேயப்படுதல் சிறு செய்தியன்று. நிழலை முற்றும் நீக்குவதும் பிழை. நிழலிலேயே வைப்பதும் பிழை. இந்த அளவறிவு நாற்றுப் பாத்தியில் எம் அன்னையார்க்கு வேண்டியிருந்ததுபோல, வானத்தின்கீழ் வாழும் நம் அனைவர்க்கும் வேண்டுவதாகும். நண்பர் வினவிய வினாவுக்கு இதுவே எம் விடை.