சீட்டை ஏத்துங்க, முட்டி பிழைக்கும்

சோரியாங்குப்பத்திலிருந்து பாகூருக்குப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளைப் பார்க்கிறேன். இலவச சைக்கிள் எல்லாருக்கும் ஒரே அளவு. பிள்ளைகள்தான் ஆளுக்கொரு உயரம். நெடுநெடுவென்று வளர்ந்த பையன்கூட சீட்டை அடிவரை இறக்கி, முட்டி ஹேண்டில்பாரை இடிக்க மிதிக்கிறான். நின்றால் இரண்டு காலும் தரையில் ஊன்றணுமாம்! முட்டிவலிக்கு அதுவே குறுக்குவழி.

சுவரைப் பிடித்தபடி சீட்டில் உட்காருங்கள். கீழே இறங்கிய பெடலில் குதிகாலை வைத்தால் கால் நேராக நீளணும். அப்புறம் முன்பாதத்தால் மிதிக்கும்போது முட்டி லேசாக மடங்கும். அதுதான் சரியான உயரம். இடுப்பு இப்படியும் அப்படியும் ஆடினால் சீட்டு கூடிப்போச்சு. டூர் டி பிரான்ஸ் வென்ற கிரெக் லெமாண்ட், உள்கால் அளவை 0.883ஆல் பெருக்குவார். நமக்குக் குதிகால் கணக்கே போதும்.

உள்ளங்கை மரத்துப்போகிறதா? ஹேண்டில்பாரைக் கொஞ்சம் உயர்த்துங்கள். பழைய மாடலில் நடு போல்ட்டைத் தளர்த்தி, மரக்கட்டை வைத்து ஒரு தட்டு தட்டினால் உள்ளே ஆப்பு விட்டுக்கொடுக்கும். தண்டில் போட்டிருக்கும் எல்லைக்கோடு மட்டும் வெளியே தெரியக் கூடாது.

சைக்கிள் கடை அண்ணன்மாரே, பஞ்சர் ஒட்ட வரும் பிள்ளையின் சீட்டுக்கும் ஒரு நிமிஷம் ஸ்பேனர் போடுங்க.