கடுக்காய்க் கறுப்பு

ஆகஸ்ட் 19, 2025

மகள் இன்று போனில் ஒரு படிப்புக்கு என் பெயரைப் பதிந்துவிட்டாள். பெங்களூர் கஸ்தூர்பா சாலையில் 2023 பிப்ரவரியில் திறந்த ‘மேப்’ கலை, நிழற்பட அருங்காட்சியகத்தின் அகாடமி இணையத்தில் இலவசமாக நடத்தும் வகுப்பு. நம் துணைக்கண்டத்துத் துணிகளைப் பற்றியது. முடித்தால் சான்றிதழ் உண்டாம்.

“அதை வச்சு நான் என்ன பண்ணப்போறேன்?”

“இத்தா முடியிற வரைக்கும் சுவத்தையே பாத்துக்கிட்டு உக்காந்திருப்பியாம்மா?”

என் வீட்டுக்காரர் மவுத்தானதற்கு இந்த இத்தா. நாலு மாதம் பத்து நாள் வாசற்படி தாண்ட முடியாது. அவள் திங்கட்கிழமை வேலைக்குத் திரும்புகிறாள். தோன்றுவதை எழுதிவைக்கச் சொல்லி இந்த நோட்டைக் கொடுத்தாள். அவருடைய தோல் டேனரி நோட்டு. முன்பக்கங்களில் அவர் கையெழுத்து இருக்கிறது. நான் பின்னாலிருந்து எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 22

பாடத்தைத் திறக்கவில்லை.

ஆகஸ்ட் 28

கொழுந்தனார் வந்தார். திரைக்கு அந்தப் பக்கம் நின்று பேசினார். நேற்றிலிருந்து இந்தியச் சரக்குக்கு அமெரிக்காவில் 50 சதவீத வரி. இரண்டு ஆர்டரை நிறுத்திவைக்கச் சொல்லி மெயில் வந்திருக்கிறதாம். “அண்ணன் இருந்தா எந்தத் தோலை எங்க தள்ளலாம்னு சொல்லியிருக்கும்” என்றார். குரல் உடைந்தது. நான் எதுவும் சொல்லவில்லை.

பாடம் இங்கிலீஷில்தான். நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் புரிகிறது. புரியாததை ராத்திரி மகளிடம் கேட்கிறேன். இத்தனை வருஷம் துணியை விலைக்கும் சாயம் போகுமா என்பதற்கும் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். இங்கே ஒரு முழத் துணிக்கு அரை மணி நேரம் பேசுகிறார்கள்.

செப்டம்பர் 3

சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிய சீட்டித் துணியைப் பற்றி மகள் தேடித் தந்ததையும் சேர்த்துப் படித்தேன். துவைக்கத் துவைக்க மங்காத சிவப்பு என்பதால் பதினேழாம் நூற்றாண்டில் ஐரோப்பாவே அதன் மேல் பைத்தியமாக இருந்திருக்கிறது. அங்கே நெய்கிறவர்கள் பிழைப்புப் போகிறதென்று கொதித்தார்கள். 1686இல் பிரான்ஸ் தடை போட்டது. 1719இல் லண்டன் நெசவாளர்கள் சீட்டி உடுத்திய பெண்களைத் தெருவில் மறித்துத் துணியைக் கிழித்திருக்கிறார்கள். 1721இல் அச்சிட்ட பருத்தித் துணியை உடுத்துவதே குற்றம் என்று இங்கிலாந்தில் சட்டம் வந்தது.

நம் சரக்கு கடல் தாண்டிப் போவதும், அங்கே ஒரு கையெழுத்தில் நின்றுபோவதும் இந்தக் கரைக்குப் புதிதில்லை. சாயங்காலம் கொழுந்தனாரிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, “அப்போ இங்க நெஞ்சவங்க என்ன ஆனாங்க அண்ணி?” என்றார்.

துணி எங்கெல்லாம் போனது என்று படித்திருக்கிறேன். நெய்தவர்கள் எங்கே போனார்கள் என்று இன்னும் வரவில்லை.

செப்டம்பர் 11

காளஹஸ்திக் கலம்காரி எப்படிச் செய்கிறார்கள் என்று பார்த்தேன். லுஹர் தொழுதுவிட்டு மறுபடியும் பார்த்தேன்.

முதலில் வெறும் துணியைக் கடுக்காயும் பாலும் கலந்த நீரில் முக்கி வெயிலில் காய வைக்கிறார்கள். பாலின் கொழுப்பு இருந்தால் வரைகிற மை துணியில் பரவாதாம். இன்னொரு பக்கம் பழைய இரும்புத் துண்டுகளை வெல்லத் தண்ணீரில் போட்டுப் பல நாள் புளிக்க விடுகிறார்கள். துணி சுற்றிய மூங்கில் குச்சியை அதில் தோய்த்து வரைகிறார்கள். பானையில் இருக்கும்போது அது வெறும் துருத் தண்ணீர். கடுக்காய் ஏறிய துணியில் பட்டதும் கறுக்கிறது. சிவப்பு வேண்டிய இடத்தில் படிகாரத் தண்ணீரால் வரைகிறார்கள். வரைந்தது கண்ணுக்குச் சரியாகத் தெரிவதுகூட இல்லை. பிறகு சாய வேர் போட்டுக் கொதிக்கவைத்தால் படிகாரம் பட்ட இடத்தில் மட்டும் சிவப்பு நிற்கிறது. மற்ற இடத்தில் ஒட்டியதைச் சாண நீரும் வெயிலும் வெளுத்துவிடுகின்றன.

கடுக்காய் என்றதுமே மூக்கில் வாசனை வந்துவிட்டது. என் அத்தா வேலை பார்த்தது பட்டைத் தோல் டேனரியில். ஊரில் எல்லாம் குரோமுக்கு மாறுவதற்கு முன்னால். ஆவாரம்பட்டைத் தொட்டியில் ஊறிய தோலைக் கடைசியாகக் கடுக்காய்த் தண்ணீரில் போடுவார்கள். அந்தத் தொட்டிப் பக்கம் இரும்பு வாளியைக் கொண்டுபோனால் அத்தா கத்துவார். ஈரத் தோலில் ஓர் ஆணி பட்டால் போதும், கறுப்பாகக் கறை விழும், பிறகு போகாது. செலக்‌ஷன் மேஜையில் என் வீட்டுக்காரர் எத்தனையோ நல்ல தோலை இந்த ஒரு கறைக்காகக் கீழ்த் தரத்தில் தள்ளியிருக்கிறார். “ஆட்டு மேல தப்பில்ல, கை வச்சவன் தப்பு” என்று வீட்டுக்கு வந்து ஆற்றாமையாகச் சொல்வார்.

அதே கடுக்காய், அதே இரும்பு. இங்கே தள்ளுபடி. காளஹஸ்தியில் அந்தக் கறுப்பில்தான் ராமனின் வில்லும் சீதையின் கண்ணும்.

இதை அவரிடம் சொல்ல வேண்டும். கேட்டால் என்ன செய்வார் என்றுகூடத் தெரியும். நம்பமாட்டார். போனை வாங்கி ஜன்னலோரம் எடுத்துப்போய், அந்தக் கோட்டைப் பெரிதாக்கிப் பார்ப்பார்.

செப்டம்பர் 12

அழுகை. பாடம் இல்லை.

செப்டம்பர் 24

எதிர்வீட்டு மாமி யாசீன் ஓத வந்தார். என் போனில் கோயில் திரைச்சீலை ஒன்று திறந்திருந்தது. “இத்தாவுல உக்காந்து உருவப் படம் பாக்குறியா?” என்றார். சத்தமாகக் கேட்கவில்லை. அதனால்தான் அதிகம் உறுத்தியது. உள்ளுக்குள் எனக்கும் அந்தப் பயம் இருக்கிறது. துக்கத்தை வேறு எதிலோ கொண்டுபோய்க் கொட்டுகிறேனோ என்று.

பதில் சொல்லத் தெரியவில்லை. மசூலிப்பட்டினம் பக்கம் கோல்கொண்டா சுல்தான்கள் காலத்தில் இதே வேலை செழித்திருந்தது. பாரசீகத்துக்குப் போன துணிகளில் தொழுகை விரிப்பும் உண்டு. அதில் ஒன்றை எடுத்துக் காட்டினேன். மிஹ்ராப் வளைவு, உள்ளே ஒரு மரம், சுற்றிலும் பூங்கொடி. உருவம் எதுவும் இல்லை.

மாமி கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார். “பெருசாக்கு” என்றார். “வளைவு ரெண்டு பக்கமும் ஒண்ணா இல்ல பாரு. இடது பக்கம் பூவு கொஞ்சம் சாஞ்சிருக்கு. கையால போட்டது” என்றார். அதை நான் பார்க்கவே இல்லை. இரண்டு பேரும் அடுத்த பூ, அடுத்த பூ என்று பார்த்துக்கொண்டே போனோம். அசர் பாங்கு சொல்லிவிட்டார்கள்.

போகும்போது, “மத்ததெல்லாம் பாக்காத” என்றார்.

அக்டோபர் 9

மழை. கரன்ட் இல்லை.

அக்டோபர் 17

இன்று கோபம். படத்துக்குப் படம் கீழே எழுதியிருக்கிறது: ஊர், நூற்றாண்டு, பருத்தி, சாயம், நீள அகலம். செய்தவர் பெயர் மட்டும் இல்லை. அருங்காட்சியகம் வாங்கும்போதே அந்தப் பெயர் தொலைந்திருக்கும், அவர்கள் மேல் குற்றமில்லை என்றாள் மகள். இருக்கலாம். ஆனால் பூவின் சாய்வு வரைக்கும் அந்த மனிதர் கை அங்கே இருக்கிறதே.

நோட்டைத் திருப்பி அவர் பக்கங்களைப் படித்தேன். லாட் நம்பர், ஏ இத்தனை, பி இத்தனை, உண்ணிக் கடி, கத்தி வெட்டு, அம்மைத் தழும்பு. அவர் பெயர் எந்தப் பக்கத்திலும் இல்லை. அவர் தொட்டுத் தரம் பிரித்த தோலில் தைத்த செருப்பைப் போட்டுக்கொண்டு எந்த ஊரில் யார் நடக்கிறார்களோ.

ராத்திரி அவர் பையிலிருந்து ஒரு சாம்பிள் துண்டு எடுத்தேன். ஒரே பொருளின் முன்னால் வெகுநேரம் இருந்து, முதலில் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் சொல்ல வேண்டும், கருத்து பிறகுதான் என்று அருங்காட்சியகங்களில் ஒரு பழக்கமாம். டியூப்லைட்டில் துண்டு வழுவழுவென்று இருந்தது.

அக்டோபர் 18

அதே துண்டைக் காலையில் வடக்கு ஜன்னலில் பிடித்தேன். செலக்‌ஷன் மேஜையை வடக்கு வெளிச்சத்தில்தான் போடுவார்கள், வெயில் நேராக விழுந்தால் கண்ணை ஏமாற்றும் என்பார். ஓரத்தில் குண்டூசி முனை அளவில் மூன்று குழி. உண்ணி கடித்து ஆறிய இடம். விரலால் தடவினால் தெரியவில்லை. மடித்து இழுத்தால் தெரிகிறது.

நவம்பர் 8

பாடக் கேள்விகளுக்கு என் பதில்கள் எல்லாம் சரி. மகளிடம் சொன்னேன்.

டிசம்பர் 17

இத்தா முடிந்தது. குளித்து, தொழுது, அண்ணன் மகனோடு ஆற்காட்டுக்குப் போனேன். பேங்கில் வாரிசு காகிதத்தில் கையெழுத்துப் போடும் வேலை. தெருவே சத்தமாக இருந்தது. மூச்சு முட்டி ஒரு ஜவுளிக் கடைக்குள் ஒதுங்கி நின்றேன். ஒரு சேலையை விரித்து “ஒரிஜினல் கலம்காரிம்மா” என்றார் கடைக்காரர். மறுபக்கம் திருப்பினேன். பின்னால் சாயம் வெளிறிக் கிடந்தது. ஸ்க்ரீன் பிரின்ட். நான் எதுவும் சொல்லவில்லை. அவர் என் கையைப் பார்த்தார், சேலையைத் தானே மடித்துவைத்தார்.

டிசம்பர் 21

காட்பாடியில் ரயிலேறி ஒரு நாள் பெங்களூர் போய் அந்த அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு வரலாம் என்கிறாள் மகள். ஊர் என்ன பேசும், கொஞ்ச நாள் போகட்டும் என்கிறார் கொழுந்தனார். அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் டேனரியில் இந்த வாரமும் மூன்று நாள்தான் வேலை. நான் இன்னும் யாருக்கும் பதில் சொல்லவில்லை.

சான்றிதழுக்குக் கடைசிப் பகுதி பாக்கி. நெய்தவர்கள் என்ன ஆனார்கள் என்பது அதிலாவது வருமா என்று மகளைப் பார்த்துச் சொல்லச் சொல்லியிருக்கிறேன். கொழுந்தனார் நேற்றும் கேட்டார்.