சாடியில் நிற்கும் பேரீச்சை

நோன்பு முடிந்ததும் பேரீச்சங்கொட்டையை மண்ணில் போட்டுப் பார்க்காத வீடு எங்கள் ஆட்களில் குறைவு. முளைக்க வைப்பதில் பெரிய வித்தை ஒன்றுமில்லை. கொட்டையைக் கழுவி, தண்ணீரை மாற்றி மாற்றி இரண்டு மூன்று நாள் ஊறவிட்டு, ஈரமான தும்புத்தூளில் புதைத்தால் சில வாரங்களில் முளை வரும். பிறகுதான் பலர் கைவிடுகிறார்கள். மாதக்கணக்காக மேலே புல்லைப் போல ஒரேயொரு இலைதான் நிற்கும். வளரவில்லை என்று தூக்கி எறிந்துவிடுவார்கள்.

வளர்ச்சி கீழே நடக்கிறது. யாழ்ப்பாணத்தாருக்கு இதை விளக்கத் தேவையில்லை. பனங்கொட்டையைப் பாத்தி போட்டவர்களுக்குத் தெரியும், கொட்டை மேலே இருக்க முளை கீழே இறங்கி அங்கேதான் கிழங்கு வைக்கும். பேரீச்சைக்குக் கிழங்கு இல்லை, ஆனால் குணம் அதே குணம். அதனால் அகலமான அழகுச் சாடிகள் இதற்குச் சரிவராது, ஆழம் வேண்டும். 2018 நோன்புக் கொட்டைகளை நாங்கள் பெயின்ட் வாளிகளின் அடியில் துளை போட்டு வைத்தோம். ஐந்து முளைத்தன. நான்கைக் கேட்டவர்களுக்குக் கொடுத்துவிட்டோம்.

மிஞ்சிய ஒன்றை இதுவரை இரண்டு முறை சாடி மாற்றியிருக்கிறோம். வேர் சுற்றிச் சுற்றி நிரம்பி, செடியையே மேலே தூக்கும். ஊற்றும் தண்ணீர் உள்ளே இறங்காமல் ஓரத்தால் வழியும். அதுதான் நேரம். முதல் நாள் நன்றாக நனைத்து, முள்ளுக்குச் சாக்குச் சுற்றி (அடி ஓலைகளின் முள் கையைப் பதம் பார்த்துவிடும்), வாளியைச் சரித்துப் பக்கங்களைத் தட்டுவோம். கழராவிட்டால் வாளியை வெட்டுவோம், வேரை வெட்டுவதில்லை. வேர்க்கட்டியைப் பிரிப்பதும் இல்லை. புதிய சாடி இரண்டு மூன்று அங்குலம் பெரிதாக இருந்தால் போதும். ஒரேயடியாகப் பெரிய சாடி வைத்தால் வேர் எட்டாத மண்ணில் தண்ணீர் தேங்கி அழுகும். முன்பிருந்த ஆழத்தைவிடத் தாழ்த்தி நடவும் கூடாது. வெட்டிய மாமரம் போல இது பக்கத்தால் துளிர்க்காது. இருப்பது ஒரு குருத்து, அது போனால் எல்லாம் போச்சு.

திருநெல்வேலிச் செம்மண் தோட்டத்துக்குத் தங்கம், சாடிக்குள் தனியே போட்டால் இறுகிவிடும். பாதிக்குப் பாதி மணலும் கூட்டெருவும் கலக்கிறோம். கிணற்றுத் தண்ணீரின் சுண்ணாம்பு சாடியில் வெள்ளையாகப் படியும். பேரீச்சை அதைப் பொருட்படுத்துவதில்லை. மாரி மழைக்குள் மட்டும் கை வைக்க மாட்டோம்.

"ரீச்சர், உது ஈச்சம்பத்தையோ? உந்த முள்ளை ஏன் வளர்க்கிறியள்?" என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டா. ஈச்சைக்கும் இதற்கும் உறவுதான், ஒரே குடும்பம். காய்க்குமா என்பது அடுத்த கேள்வி. காத்தான்குடிப் பிரதான வீதியில் குலை குலையாகக் காய்ப்பதை எல்லோரும் படம் பிடித்துப் போடுகிறார்கள். எங்களுடையது ஆணா பெண்ணா என்பது பூத்தால்தான் தெரியும். பனையும் அப்படித்தானே. கியாமத் நாள் வந்தாலும் கையிலிருக்கும் கன்றை நடச் சொல்லும் ஹதீஸை நாம் அடிக்கடி பகிர்கிறோம். அதில் வரும் 'ஃபஸீலா' தாய்மரத்தின் அடியிலிருந்து பிரித்தெடுக்கும் பக்கக்கன்று. தாய் எதுவோ கன்றும் அதுவே. கொட்டைக்கன்றுக்கு அந்த உத்தரவாதம் கிடையாது.

வீட்டுக்கார அம்மா நல்லவர். "நிலத்திலேயே வையுங்கோ பிள்ளை" என்று பல தடவை சொல்லிவிட்டார். நாங்கள் வைக்கவில்லை. வாடகை வீடு. பேரீச்சை எங்களைவிட நீண்ட காலம் நிற்கக்கூடியது, நட்டுவிட்டு விட்டுப்போக மனமில்லை. விட்டுப்போவது என்றால் என்னவென்று உம்மாவுக்குத் தெரியும். 1990 ஒக்டோபர் 30 அன்று யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்குக் கிடைத்தது இரண்டு மணி நேரம். சோனகத்தெரு வீட்டிலிருந்து கைக்குழந்தையும் ஒரு பையுமாகப் புத்தளம் போய்ச் சேர்ந்தார்கள். 2002 இல் ஏ9 பாதை திறந்த பிறகு வந்து பார்த்தபோது கூரை இல்லை, கதவு நிலை இல்லை. தென்னைகள் மட்டும் நின்றன, காய்களோடு. உம்மா இன்றைக்கும் சுவர்களைப் பற்றிப் பேசுவதில்லை, அந்தத் தென்னைகளைப் பற்றித்தான் பேசுவா.

அந்தக் காணியில் இப்போது உம்மாவுக்கும் மாமாமார் இருவருக்கும் பங்கு. மாமாமாருக்குப் புத்தளத்தில் வீடு, தொழில், பேரப்பிள்ளைகள். விற்றுவிடலாம் என்கிறார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. உம்மா பேரீச்சையை அங்கே கொண்டுபோய் வைக்கச் சொல்கிறா. மரம் வைத்த காணியை விற்கமாட்டார்கள் என்று கணக்குப் போடுகிறாவோ என்னவோ, நாங்கள் கேட்கவில்லை.

இப்போது நிற்பது பாதியாக வெட்டிய பீப்பாயில். அடித்துளையால் வேர் வெளியே வந்து முற்றத்து மண்ணைப் பிடித்துவிட்டது. மூன்று பேர் சேர்ந்தும் அசைக்க முடியவில்லை. இனி இதற்குப் பெரிய சாடி கிடையாது. மழைக்கு முன் எடுத்தாக வேண்டும். மாமாமாருக்குப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறோம். பெரிய மாமா, குழி எத்தனை அடி என்று மட்டும் கேட்டிருக்கிறார்.